அலுமினியப் பாகங்களை எங்கே வெட்டுவது: யாழ்ப்பாணத்து மாணவர் றோபோ அணிகளுக்கான ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை அணி தன் றோபோவுக்கான அலுமினியப் பாகங்களைச் செய்ய இன்று ஐந்து வழிகள் உண்டு. வாள், அரம், மேசை ட்ரில் கொண்டு தாங்களே வெட்டலாம். யன்னல், கதவு பொருத்தும் அலுமினியக் கடையில் பெட்டிக் குழாயை அளவுக்கு வெட்டுவிக்கலாம். லேத் பட்டறையில் கடைந்து எடுக்கலாம். மேசையில் வைக்கும் சிறிய சி.என்.சி. றூட்டர் (கணினி நிரல்படி தானே நகர்ந்து வெட்டும் இயந்திரம்) ஒன்றை வாங்கலாம். இல்லாவிட்டால் படத்தைக் கொழும்புக்கு அனுப்பி, லேசரில் வெட்டிய தகட்டை இரவு பஸ்ஸில் வரவழைக்கலாம்.

இவற்றுள் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. எந்தப் பாகத்துக்கு எது என்றுதான் கேட்க வேண்டும். 280 மி.மீ. சதுர அடித்தளம், நான்கு கியர் மோட்டர், ஒரு தூக்கும் கை உள்ள றோபோவை எடுத்துக்கொள்வோம். அதில் ஐம்பது துளைகள்கூட வரலாம். ஆனால் 0.1 மி.மீ. துல்லியம் கேட்கும் இடங்கள் மூன்றுதான்: பல்லுச் சில்லுகளுக்கு இடையிலான மையத் தூரம், பெயரிங் உட்காரும் துளை, சில்லை மோட்டர் அச்சோடு பிணைக்கும் ஹப். மிச்சம் எல்லாம் அரை மில்லிமீற்றர் பிசகினாலும் றோபோ ஓடும். காசையும் நேரத்தையும் அந்த மூன்று இடங்களில் போடுங்கள். மற்றதைக் கையால் வெட்டுங்கள். எங்கள் நிலைப்பாடு இதுதான், கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் தகடு

கடையில் தகடு வாங்கும்போது கலப்பு வகை எழுதியிருப்பது அரிது. யன்னல் சட்டக் குழாய்கள் பொதுவாக 6063 வகை. இயந்திர வேலைக்கு எல்லோரும் விரும்புவது 6061-ரி6. அதன் இளகு வலிமை, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைப்பு, ஏறத்தாழ 275 மெகாபாஸ்கல். மடித்து வளைக்க ஏற்றது 5052. பெயரில்லாத மென்மையான தகடு வளையும், ஆனால் ட்ரில்லில் பிசின் போல ஒட்டும். வாங்குமுன் 20 மி.மீ. அகல ஓரத் துண்டொன்றை வைஸில் பிடித்து 90 பாகைக்கு மடித்துப் பாருங்கள். வெடித்தால் கடின வகை, அதை வளைக்கும் பாகத்துக்கு எடுக்கக்கூடாது. வெடிக்காமல் சுகமாக மடிந்தால் மடிப்பு வேலைக்கு ஆகும்.

பல அணிகள் தவறவிடும் விடயம் ஒன்று இங்கே இருக்கிறது. எந்தக் கலப்பாக இருந்தாலும் அலுமினியத்தின் விறைப்பு ஏறத்தாழ ஒன்றேதான்: மீள்தன்மைக் குணகம் 69 கிகாபாஸ்கல் அளவில் நிற்கும். விலை கூடிய தகடு வாங்கினால் அது நிரந்தரமாக வளைந்துபோகத் தாமதமாகும். ஆனால் சுமை ஏறும்போது தொய்வது குறையாது. தொய்வைக் குறைப்பது தடிப்பும் வடிவமும்தான். தடிப்பை 2 மி.மீ.யிலிருந்து 3 மி.மீ.க்குக் கூட்டினால் விறைப்பு 3.4 மடங்காகும், நிறை ஒன்றரை மடங்காகும். 280 மி.மீ. சதுரத் தகடு 2 மி.மீ.யில் 423 கிராம், 3 மி.மீ.யில் 635 கிராம்.

வடிவத்தால் கிடைப்பது இதைவிடப் பெரிது. 100 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிப்பும் உள்ள தட்டையான துண்டை ஒரு பக்கம் வையுங்கள். மறுபக்கம் 1.5 மி.மீ. தகட்டின் இரு ஓரங்களையும் 15 மி.மீ. உயரத்துக்கு மடித்து, அதே 100 மி.மீ. அகலத்தில் ஒரு தொட்டி வடிவம் செய்யுங்கள். கணக்குப் போட்டால் மடித்தது பத்து மடங்குக்கு மேல் விறைப்பாக இருக்கும். நிறையோ தட்டையானதன் மூன்றில் இரண்டுக்கும் குறைவு. நிறை குறைக்க வேண்டும் என்று தகட்டில் ஓட்டை ஓட்டையாக வெட்டுமுன் ஓரத்தை மடிக்க முடியுமா என்று பாருங்கள்.

கைவேலை

ஒரு மேசை ட்ரில், ஒரு வைஸ், ஹக்சோ, அரம், சென்ரர் பஞ்ச், வேர்னியர் இவ்வளவும் இருந்தால் 0.3 முதல் 0.5 மி.மீ. துல்லியத்தில் தகட்டு வேலை செய்யலாம். கைவேலையை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். போட்டிக்கு முதல்நாள் இரவு பாகம் உடைந்தால் மாற்றுப் பாகம் இந்த வழியில்தான் வரும்.

துல்லியம் கிடைப்பதும் கெடுவதும் குறிப்பதில். கணினியில் வரைந்த படத்தை ஏ3 தாளில் ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்செடுங்கள். அடித்தளத்தை 280 மி.மீ. என்று வைத்ததற்குக் காரணம் இதுதான்: ஏ3 தாளின் அகலம் 297 மி.மீ., ஓரம் விட்டால் 280 அடங்கும். அச்சுக் கடையில் "தாளுக்குள் அடக்கு" என்ற தெரிவை நிறுத்திவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் படம் சில சதவீதம் சுருங்கி வரும். படத்தில் நெடுக்காகவும் குறுக்காகவும் 250 மி.மீ. கோடு ஒவ்வொன்று போட்டு, அச்செடுத்த தாளில் அவற்றை அளந்து பாருங்கள். ஒரு திசை சரியாகவும் மறுதிசை அரை மில்லிமீற்றர் நீண்டும் வருவது உண்டு. அப்படியானால் அந்தத் திசையின் அளவைத் திருத்தி மறுபடி அச்செடுக்க வேண்டும்.

தாளைத் தகட்டில் பசையால் ஒட்டி, ஒவ்வொரு துளை மையத்திலும் முதலில் மெல்லப் பஞ்ச் செய்து, விலகலைப் பார்த்து, பிறகு அழுத்திப் பஞ்ச் செய்யுங்கள். நேரே பெரிய ட்ரில் வைக்காமல் 2 அல்லது 2.5 மி.மீ. வழித்துளை போட்டு, பிறகு இறுதி அளவுக்கு வாருங்கள். எம்3 போல்ட் தாராளமாகப் போக 3.4 மி.மீ., எம்4க்கு 4.5 மி.மீ.; மரை வெட்டுவதானால் எம்3க்கு 2.5, எம்4க்கு 3.3, எம்5க்கு 4.2 மி.மீ. துளை. வேகம்: சாதாரண எச்.எஸ்.எஸ். (அதிவேக உருக்கு) ட்ரில்லில் 5 மி.மீ. துளைக்கு நிமிடத்துக்கு 3000 முதல் 3800 சுற்று, 10 மி.மீ.க்கு 1900 அளவில். ட்ரில் நுனியில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் அலுமினியம் பல்லில் ஒட்டாது.

வலப்பக்கத் தகடும் இடப்பக்கத் தகடும் ஒரே மாதிரி வர வேண்டுமானால் இரண்டையும் கிளாம்பில் சேர்த்துப் பிடித்து ஒரேயடியாகத் துளையுங்கள். இரண்டு மூலைத் துளைகளை முதலில் போட்டு, போல்டால் இறுக்கிவிட்டு மற்றதைத் தொடருங்கள். அப்போது துளை இடம் சற்றுத் தவறினாலும் இரண்டு தகட்டிலும் ஒரே அளவு தவறும், அச்சு நேராகவே நிற்கும்.

பிழைக்கும் இடங்கள் தெரிந்தவைதான். மெல்லிய தகட்டில் 10 மி.மீ.க்கு மேற்பட்ட துளையைச் சாதாரண ட்ரில்லால் போட்டால் அது தகட்டைக் கவ்வித் தூக்கிச் சுழற்றும், துளையும் முக்கோணமாக வரும். படிப்படியாகப் பெருக்கும் கூம்பு ட்ரில்லைப் பயன்படுத்துங்கள், தகட்டுக்கு அடியில் பலகை வைத்துக் கிளாம்ப் போடுங்கள். சுழலும் ட்ரில்லுக்கு அருகில் கையுறை வேண்டாம், கண்ணாடி கட்டாயம். ஹக்சோவில் அங்குலத்துக்கு 24 அல்லது 32 பல் உள்ள அலகு போட்டு, அதில் மெழுகுதிரியைத் தேய்த்துக்கொண்டால் பல் அடைபடாது. சாணைக்கல்லில் அலுமினியத்தைத் தீட்டவே கூடாது. உலோகம் கல்லின் துவாரங்களை அடைத்து, கல் சூடேறி வெடிக்கக்கூடும்.

அலுமினியம் பொருத்தும் கடை

இந்த வழியை அணிகள் இன்னும் கூடுதலாகப் பயன்படுத்த வேண்டும். யன்னல் வேலைக் கடையில் காபைட் பல் வட்ட வாள் உண்டு, தடுப்புக்கட்டை வைத்து வெட்டினால் நான்கு துண்டும் ஒரே நீளத்தில், செங்கோணத்தில் வரும். ஹக்சோவால் அந்தச் செங்கோணம் எளிதில் வராது. 25 x 25 மி.மீ., சுவர் 1.2 மி.மீ. உள்ள பெட்டிக் குழாய் மீற்றருக்கு 308 கிராம். 280 மி.மீ. சதுரச் சட்டத்துக்கு ஒரு மீற்றரும் கொஞ்சமும் போதும்: ஏறத்தாழ 340 கிராம். 3 மி.மீ. தட்டைத் தகட்டில் பாதி நிறைதான், முறுக்கத்துக்கும் வளைவுக்கும் அதைவிட எவ்வளவோ உறுதி.

மூலைகளை 2 மி.மீ. முக்கோணத் தகடு வைத்து ரிவெட் அடியுங்கள். 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 3.3 மி.மீ. துளை. துளை மையம் தகட்டு ஓரத்திலிருந்து 6.5 மி.மீ.யாவது உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் கிழியும்.

குழாயின் இரண்டு சுவரையும் ஊடறுத்துப் போல்ட் போட்டு இறுக்கினால் குழாய் நசியும். உள்ளே இறுக்கமான மரக்கட்டையோ சரியான நீளக் குழல் துண்டோ செருகிவிட்டு இறுக்குங்கள். 1.2 மி.மீ. சுவரில் எம்3 மரை வெட்ட முயல வேண்டாம்; இரண்டு சுற்று மரைதான் கிடைக்கும், இரண்டாம் தடவை கழற்றும்போது உரிந்துவிடும். அடிக்கடி கழற்ற வேண்டிய இடத்தில் ரிவெட் நட் (ரிவெட் போலப் பொருத்தும், உள்ளே மரை உள்ள நட்) போடுங்கள்.

லேத் பட்டறை

குடாநாட்டில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. தண்ணீர்ப் பம்பு, படகு எஞ்சின், உழவு இயந்திரம் என்று நாளாந்தம் வேலை நடக்கும் இடங்கள். றோபோவுக்கு அவர்களிடம் கேட்க வேண்டியது தகட்டு வேலையை அல்ல, உருளை வேலையை: ஹப், இடைக்குழல், பெயரிங் இருக்கை.

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 37 மி.மீ. கியர் மோட்டரின் அச்சு 6 மி.மீ., ஒரு பக்கம் தட்டையாகச் சீவியது. அதன் ஹப்புக்கு 20 மி.மீ. விட்ட அலுமினியத் தண்டு போதும். துளையை நேரே 6 மி.மீ. ட்ரில்லால் போட்டால் 6.1க்கு மேல் பெருத்துவிடும், சில்லு தள்ளாடும். 5.8 மி.மீ.யில் துளைத்து 6 மி.மீ. றீமரால் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) முடிக்கச் சொல்லுங்கள். சில்லு உட்காரும் தோளும் நடுத்துளையும் ஒரே பிடிப்பில் கடையப்பட வேண்டும், துண்டைக் கழற்றித் திருப்பிப் பிடித்தால் மையம் விலகும். அச்சின் தட்டைப் பக்கத்தில் எம்4 தலையில்லாத் திருகு ஒன்று இறுக்க வேண்டும். நான்கு தேவை என்றால் ஐந்தாகச் செய்வியுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது படத்தோடு மோட்டரையும் சில்லையும் பெயரிங்கையும் கொண்டுபோங்கள். "அண்ணை, இது இதுக்குள்ள இறுக்கமா இருக்கோணும்" என்று பொருளைக் கையில் கொடுத்தால் பிழை வராது. இரும்பு வேலைக்குத் தீட்டிய கருவியால் அலுமினியத்தைக் கடைந்தால் மேற்பரப்பு சுரண்டினதுபோல் வரும். கூரான, மேற்சாய்வு கூடிய கருவி வேண்டும் என்று முதலே சொல்லிவிடுங்கள்.

பெயரிங் இருக்கைக்கு ஒரு நல்ல முறை. 608 பெயரிங்கின் வெளிவிட்டம் 22 மி.மீ. துளையை 0.01 முதல் 0.02 மி.மீ. குறைவாகக் கடையச் சொல்லுங்கள். தகட்டைக் கொதிநீரில் போட்டால் துளை ஏறத்தாழ 0.035 மி.மீ. விரியும், பெயரிங் தானாக உள்ளே இறங்கும், ஆறியதும் இறுகிவிடும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் பெயரிங்கின் குண்டுத் தடம் பள்ளம் விழுந்து கரகரக்கும். எதிரெதிர்த் தகடுகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தே கடைய வேண்டும்.

சிறிய சி.என்.சி. றூட்டர்

3018 என்ற பெயரில் வரும் சிறு இயந்திரம் மாணவர்களுக்குப் பெரிய கவர்ச்சி. அலுமினியத்தை அது வெட்டும். ஆனால் எவ்வளவு மெதுவாக என்று கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 3.175 மி.மீ. ஒற்றை வெட்டு விளிம்புக் கருவி, நிமிடத்துக்கு 10,000 சுற்று, 300 மி.மீ. நகர்வு, ஒரு தடவைக்கு 0.2 மி.மீ. ஆழம். 3 மி.மீ. தகட்டுக்கு 15 தடவை சுற்ற வேண்டும். 200 மி.மீ. சுற்றளவு உள்ள மோட்டர் தாங்கி ஒன்றுக்குப் பத்து நிமிடம், அது பரவாயில்லை. மொத்த வெட்டு நீளம் 3 மீற்றர் வரும் பெரிய தகட்டுக்கு இரண்டரை மணித்தியாலம். பெயரிலேயே உள்ளபடி வேலைப்பரப்பு 300 x 180 மி.மீ., எங்கள் 280 சதுரத் தகடு அதில் அடங்கவே அடங்காது.

புதியவர்கள் கருவியை உடைப்பது பயத்தால். சத்தம் கேட்டதும் நகர்வைக் குறைப்பார்கள். அந்தக் கணக்கில் ஒரு சுற்றுக்கு 0.03 மி.மீ. சீவல் வர வேண்டும். நகர்வை மூன்றில் ஒன்றாக்கினால் கருவி வெட்டாமல் உரசும். உரசினால் சூடு, சூடானால் அலுமினியம் விளிம்பில் ஒட்டி உருண்டுவிடும், அடுத்த கணம் கருவி முறியும். குறைக்க வேண்டியது ஆழம், நகர்வு அல்ல. வெட்டிய சீவலைக் காற்றால் ஊதி அகற்றிக்கொண்டே இருங்கள், பள்ளத்தில் கிடந்து மறுபடி வெட்டுப்பட்டாலும் ஒட்டும். இங்கே மண்ணெண்ணெயை விசிறக்கூடாது, தீப்பிடிக்கும். கருவியை நேரே குத்தி இறக்காமல் சரிவாகச் சுற்றி இறக்கும்படி நிரலில் வையுங்கள். துளைகளை முதலில் வெட்டி, அவற்றினூடாகத் தகட்டை அடிப்பலகையில் ஸ்குரூவால் இறுக்கிவிட்டு வெளிச்சுற்றை வெட்டுங்கள். கடைசித் தடவையில் துண்டு கழன்று கருவியில் மாட்டாதிருக்க நான்கு இடத்தில் சிறு பாலம் விட வேண்டும்.

மின்சாரம் நடுவில் நின்றால் இயந்திரம் தன் தொடக்கப் புள்ளியை மறந்துவிடும். தகட்டின் ஒரு துளையைத் தொடக்கமாக வைத்திருந்தால் திரும்பிப் போய்த் தொடரலாம். ஏதோ ஒரு மூலையைக் கண்ணால் பிடித்திருந்தால் அந்தத் தகடு போனதுதான். கட்டுப்பாட்டுப் பலகையை மூடி வையுங்கள். அலுமினியச் சீவல் அதில் விழுந்தால் குறுக்குச்சுற்று ஏற்படும்.

3018ஐ ஓர் அணியின் முதல் கொள்வனவாக நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அதே காசில் தரமான மேசை ட்ரில், வைஸ், வேர்னியர் வாங்கினால் பயன் பலமடங்கு. 6040 அளவில், 1.5 கிலோவாற்றுக்கு மேற்பட்ட சுழலி உள்ள விறைப்பான இயந்திரம் வேறு கதை: ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீற்றர் வரை இறங்கும், வீட்டு 230 வோல்ற்றிலேயே ஓடும். ஒரு பாடசாலைக்கு அது பெருஞ்செலவு. நான்கைந்து பாடசாலைகள் சேர்ந்து ஒன்று வைத்திருப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். அதற்கு முன், யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி, குருநகரில் உள்ள உயர் தொழில்நுட்ப நிறுவனம், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பொறியியல் பீடம், இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் ஆகியவற்றுக்கு அதிபரின் கடிதத்தோடு போய்க் கேட்டுப் பாருங்கள். இயந்திரத்தோடு சொல்லித் தருபவரும் இருக்கும் இடங்கள் அவை.

கொழும்பு லேசர்

பெயர்ப்பலகைக் கடைகளில் அக்ரிலிக் வெட்டும் காபனீரொட்சைட்டு லேசர் அலுமினியத்தை வெட்டாது. அதன் ஒளியை அலுமினியம் பெரும்பாலும் தெறிக்கவைத்துவிடும். வேண்டியது பைபர் லேசர். ஆனால் அந்த அக்ரிலிக் லேசருக்கும் ஒரு வேலை கொடுங்கள்: கொழும்புக்கு அனுப்ப வைத்திருக்கும் அதே படத்தை முதலில் 3 மி.மீ. அக்ரிலிக்கில் இங்கேயே வெட்டி, மோட்டர், பற்றரி, சுற்றுப்பலகை எல்லாம் பூட்டிப் பாருங்கள். 400 கிலோமீற்றர் தாண்டி வரும் தகட்டில் ஒரு துளை இல்லை என்று அறிவதைவிட இது எவ்வளவோ மலிவு.

படம் டி.எக்ஸ்.எப். என்ற கணினி வரைபடக் கோப்பு வடிவில், மில்லிமீற்றரில், மூடிய கோடுகளாக இருக்க வேண்டும். ஒரே கோடு ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை இருந்தால் லேசரும் இருமுறை ஓடி விளிம்பை உருக்கும். தகட்டின் தடிப்பைவிடச் சிறிய துளையை லேசரில் கேட்காதீர்கள். பெயரிங் துளையை 21.5 மி.மீ. என்று வரைந்து, வந்தபின் லேத்தில் 22க்குக் கடைவியுங்கள். லேசர் விளிம்பு சிறிது சரிவாக இருப்பதால் நேரே பொருந்தாது. மடிப்பும் அங்கேயே செய்விப்பதானால் தகடு 5052 ஆக இருக்கட்டும், மடிப்பின் உள்வளைவு தகட்டுத் தடிப்பு அளவில் இருக்கட்டும், 1.5 மி.மீ. தகட்டில் துளை விளிம்பு மடிப்புக் கோட்டிலிருந்து 5 மி.மீ. தள்ளியிருக்கட்டும். மடிப்புக் கோடுகளைத் தனி அடுக்கில் வரைந்து அதைக் கடிதத்திலும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவற்றையும் வெட்டிவிடுவார்கள்.

கூலி வெட்டு நீளத்தையும் துளை எண்ணிக்கையையும் பொறுத்துக் கூடும். 2 மி.மீ. அடித்தளத்தில் 40 சதவீதத்தை வெட்டி எடுத்தால் ஏறத்தாழ 170 கிராம் குறையும், அதாவது 3 செல் 2200 எம்.ஏ.எச். லித்தியம் பொலிமர் பற்றரி ஒன்றின் நிறை அளவில். பத்துப் பெரிய ஜன்னல்களாக வெட்டுங்கள். அறுபது சிறு ஓட்டை வெட்டினால் கூலி ஏறும், நிறை அவ்வளவு இறங்காது.

எங்கள் தெரிவு

போட்டிக்கு எட்டு வாரம் இருந்தால்: சட்டம் யன்னல் கடைக் குழாயில், ஹப்பும் பெயரிங்கும் லேத்தில், பல்லுச் சில்லு தாங்கும் பக்கத்தகடுகள் மட்டும் லேசரில். மொடியூல் (பல்லின் பருமனைக் குறிக்கும் எண்) 1 அளவில் 20 பல், 40 பல் சில்லுகளின் மையத் தூரம் 30 மி.மீ.; படத்தில் 30.1 என்று வையுங்கள், இல்லாவிட்டால் பல் இறுகி மோட்டர் சூடேறும். மூன்று வாரம்தான் இருந்தால் லேசரை விடுங்கள். அந்தத் தகட்டைக் கையால் வெட்டி, மோட்டர் துளைகளை 5 மி.மீ. நீளக் காடியாக அரத்தால் நீட்டிவிட்டால், பூட்டும்போது மோட்டரை நகர்த்தி இடைவெளியைச் சரிசெய்து இறுக்கலாம். பட்டி கொண்டு ஓட்டும் றோபோவுக்கு எப்படியும் அந்தக் காடி தேவை.

லேசருக்கு அனுப்பும் தகட்டில் பாகங்களுக்கு இடையே வெற்றிடம் மிஞ்சும். அந்த இடத்தில் மோட்டர் தாங்கி இரண்டும், 2 மி.மீ. முக்கோண மூலைத் தகடு எட்டும் சேர்த்து அடுக்கி அனுப்புங்கள். தகட்டுக்கு எப்படியும் காசு கொடுத்தாயிற்று. பொதியை இரண்டு பிளைவுட் துண்டுக்கு நடுவில் வைத்துக் கட்டச் சொல்ல மறக்க வேண்டாம். பஸ்ஸில் மற்றப் பொதிகளுக்கு அடியில் கிடந்து மூலை வளைந்து வந்தால், மென்தகட்டில் அதைத் திரும்ப நேராக்குவது கடினம்.